கவனிக்கப்படாத கியர் ஆயில்: பழைய நான்கு சக்கர இயக்க வண்டியை மீட்கும் முறை

எஞ்சின் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பிரேக் ஆயில் குறைந்தால் மிதி தரையைத் தொடும். கியர் ஆயிலுக்கு மட்டும் அப்படி முன்கூட்டிச் சொல்ல எதுவும் கிடையாது. அது எரிந்து தீர்வதில்லை, எஞ்சின் ஆயிலைப் போலப் புகைக்கரியில் கறுப்பதும் இல்லை என்பதால், ஒருமுறை ஊற்றினால் வண்டியின் ஆயுள் முழுதும் போதும் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது. சாதாரணக் காரில் இந்த அலட்சியத்தின் விலை ஒரு கியர்பாக்ஸ். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியிலோ கியர்பாக்ஸ், விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடது வலது சக்கரங்களுக்குப் பகிரும் முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல் என நான்கு தனித்தனி ஆயில் தொட்டிகள் இருக்கின்றன. பழைய வண்டி வாங்குபவர் எஞ்சின் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டால் பதில் கிடைக்கும்; டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் கிடைக்கும்.

இந்தக் கட்டுரையில் மாருதி ஜிப்ஸியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 1985-இல் இந்தியச் சந்தைக்கு வந்து 2019-இல் விடைபெற்ற இந்த வண்டி, ராணுவத்திலும் காவல்துறையிலும் மலைத்தோட்டங்களிலும் உழைத்துவிட்டு இன்று மூன்றாவது, நான்காவது கைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு குட்டை ஷாஃப்ட்டின் வழியே இணைந்த தனி டிரான்ஸ்ஃபர் கேஸும், முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒரே கூட்டில் இணைக்கும் திட ஆக்சில்களும் (அச்சுகளும்) கொண்ட எளிய அமைப்பு என்பதால், வீட்டு வாசலிலேயே எல்லா வேலையையும் செய்துவிடலாம். மஹிந்திராவின் தார், பொலிரோ ஃபோர் வீல் டிரைவ், மாருதியின் ஜிம்னி ஆகியவற்றுக்கும் முறை பெரும்பாலும் இதுவே.

ஆயில் எப்படிக் கெடுகிறது

டிஃப்ரன்ஷியலில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் வெறுமனே உருள்வதில்லை. பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்குக் கீழே அல்லது மேலே விலகி அமைந்திருப்பதால், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பெரும் அழுத்தத்தோடு வழுக்கிச் செல்கின்றன. ஹைபாய்ட் கியர் என்று இதைச் சொல்வார்கள். இந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால்தான் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். பற்கள் உரசும் இடத்தில் எழும் சூட்டில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் படலம் தேய, பல்லின் எஃகு தப்பிக்கிறது. பழைய கியர் ஆயிலின் கடுமையான நாற்றம் இந்தக் கந்தகத்தால் வருவதுதான். அந்தச் சேர்மங்கள் பயன்படப் பயன்படக் குறைந்துகொண்டே வரும். பார்வைக்கு ஆயில் அப்படியே இருக்கும். காக்கும் திறன் மட்டும் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். ஆற்றுத் துறையையோ வெள்ளம் தேங்கிய சாலையையோ கடக்கும்போது, ஓடிச் சூடாகியிருந்த ஆக்சில் திடீரெனக் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்றை உள்ளே விடவேண்டிய பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால், ஆயில் சீலின் உதட்டு வழியே தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. பிரீதர் அடைக்காவிட்டாலும் அதன் வாயே நீருக்குள் மூழ்கினால் விளைவு ஒன்றுதான். உள்ளே போன நீர் தானாக வெளியேறாது. ஓடும்போது ஆயிலோடு கலங்கிப் பால் கலந்த நிறமாகும். வண்டி நிற்கும்போது அடியில் தங்கி பேரிங்குகளில் துருக்குழிகளை உண்டாக்கும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் இந்தச் சேதம் மிக வேகமாக நடக்கும்.

மூன்றாவது கேடு அளவுக்குறைவு. சீல் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஆயில் பாதியானால் சமவெளியில் வண்டி சமாளித்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது கதை வேறு: வண்டியின் மூக்கு மேல்நோக்க, பின் ஆக்சிலில் ஆயில் பின்பக்கம் சாய்ந்துவிடும், முன்பக்கம் இருக்கும் பினியன் பேரிங்குக்குப் போதிய ஆயில் எட்டாது. பாரமும் சூடும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் இது நடக்கிறது. மலையில் ஓடும் வண்டிகளில் பினியன் பேரிங் இரைச்சல் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த ஆயிலை வாங்குவது

டப்பாவின் மேல் இரண்டு குறியீடுகளைப் பார்க்க வேண்டும். 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90 போன்றவை பாகுத்தன்மையைக் குறிப்பவை. கியர் ஆயிலின் 90 என்ற எண் எஞ்சின் ஆயிலின் எண்களோடு ஒப்பிடத்தக்கதல்ல. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 90 எண் கியர் ஆயிலின் பாகுத்தன்மை ஏறத்தாழ 40 அல்லது 50 எண் எஞ்சின் ஆயிலுக்குச் சமமானதே. ஆகவே 90 என்பது மிகக் கெட்டியானது என்று அஞ்சி இளகிய ஆயிலைத் தேடவேண்டியதில்லை.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரங்கள். ஜிஎல்-5 ஆயிலில் காப்புச் சேர்மங்கள் ஜிஎல்-4-ஐப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். எண் கூடுதலாக இருப்பதால் அதுவே எல்லா இடத்துக்கும் சிறந்தது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதை ஏற்க வேண்டாம். ஹைபாய்ட் டிஃப்ரன்ஷியலுக்கு ஜிஎல்-5 கட்டாயம் தேவை. ஆனால் பழைய மேனுவல் கியர்பாக்ஸில் கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையங்கள் பித்தளையால் ஆனவை. அதிகக் கந்தகம் கொண்ட ஆயில், சூட்டில் அந்தச் செம்புக் கலவையை மெல்ல அரிக்கக்கூடும். வளையங்கள் பற்றிப் பிடிக்க வேண்டிய இடத்தில் அளவுக்கு மீறிய வழுக்கலும் சேர்ந்துகொண்டால் கியர் விழும்போது கரகரக்கும். கையேடு ஜிஎல்-4 என்று சொல்லும் கியர்பாக்ஸில் ஜிஎல்-4 மட்டுமே ஊற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு தரத்துக்கும் பொருந்தும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் உறுதி தரும் ஆயில்களும் உள்ளன. அவற்றை மட்டும் விலக்காகக் கொள்ளலாம்.

டிஃப்ரன்ஷியலில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் தட்டுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் அமைப்பு இருந்தால் அதற்குரிய சேர்க்கை கலந்த ஆயிலே தேவை. சாதாரண ஜிஎல்-5 ஊற்றினால் திருப்பங்களில் தட்டுகள் விட்டு விட்டுப் பிடித்து அதிர்வு எழும்.

1.3 லிட்டர் எஞ்சின் கொண்ட ஜிப்ஸியில் கியர்பாக்ஸுக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8 லிட்டர், முன் டிஃப்ரன்ஷியலுக்கு 2 லிட்டர், பின் டிஃப்ரன்ஷியலுக்கு 1.5 லிட்டர் பிடிக்கும். மொத்தம் ஆறு லிட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாத வண்டி என்றால் இரண்டு முறை மாற்றும் அளவுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

திறப்பதற்கு முன்

முதல் நாள் மாலையே எட்டு நட்டுகளையும், அதாவது ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே ஆயில் ஊற்ற உள்ள ஃபில்லர் நட்டையும் கீழே வடிக்க உள்ள டிரெயின் நட்டையும், கம்பி பிரஷ்ஷால் சேறு போகத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள் வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். சூடான ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். கொதிக்கும் சூடாக இருக்கத் தேவையில்லை. கையில் பட்டால் தாங்கும் வெதுவெதுப்பு போதும்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஆயில் மட்டம் பொய்யாகிவிடும். ஜிப்ஸியின் அடியில் படுத்து வேலை செய்யப் போதிய உயரம் உண்டு; உங்கள் வண்டிக்கு அது போதவில்லை என்றால் நான்கு மூலைகளிலும் ஜாக் ஸ்டாண்ட் வைத்துச் சமமாக உயர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

இப்போது இந்த வேலையின் முதல் விதி: எந்தத் தொட்டியிலும் டிரெயின் நட்டுக்கு முன் ஃபில்லர் நட்டைத் திறக்க வேண்டும். கீழ் நட்டைக் கழற்றி ஆயிலைக் கொட்டிவிட்டு, மேல் நட்டு துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால், ஆயில் ஊற்ற வழியில்லாத வண்டி அசையாமல் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மேல் நட்டு அசையவில்லை என்றால் முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை திருப்பிப் பாருங்கள். துருவின் பிடி அதில் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். நட்டின் தலையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவதும் உதவும். ஸ்பேனர் தளர்வாக உட்கார்ந்தால் வேலையை நிறுத்திவிட்டுச் சரியான அளவைத் தேடுங்கள், ஏனெனில் முனை மழுங்கிய நட்டை எடுக்க ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைக்க நேரிடும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் கூடுகள் அலுமினியத்தால் ஆனவை. அங்கே முரட்டு பலம் காட்டினால் நட்டோடு மரையும் வந்துவிடும்.

பழைய ஆயிலைப் படிப்பது

ஃபில்லர் நட்டைத் திறந்ததும் சுண்டு விரலை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி வளையுங்கள். விரல் நுனியில் ஆயில் பட்டால் மட்டம் ஏறத்தாழச் சரி. எதுவும் படவில்லை என்றால் ஆயில் எங்கோ போயிருக்கிறது, போன வழியைக் கண்டுபிடிக்காமல் புதிதாக ஊற்றுவதில் பயனில்லை. அதன்பிறகு டிரெயின் நட்டைக் கழற்றி, ஒவ்வொரு தொட்டியின் ஆயிலையும் தனித்தனிச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். நான்கையும் ஒரே தட்டில் பிடித்தால் எந்தத் தொட்டியில் என்ன நோய் என்று பிரித்தறிய முடியாது.

முதலில் காந்த நட்டைப் பாருங்கள். டிரெயின் நட்டில் காந்தம் இருந்தால் அதன் நுனியில் கரும்பசை ஒட்டியிருக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்மை போல நெறுநெறுப்பின்றி வழுக்கினால் அது பற்களின் இயல்பான தேய்மானம். பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் அந்தப் பசை தடிமனாக இருந்தாலும் கவலை வேண்டாம். விரலில் மணல் போல உறுத்தினால் பேரிங் உரியத் தொடங்கியிருக்கலாம். ஊசி போன்ற சிம்புகளோ, ஒரு பக்கம் பளபளத்து மறுபக்கம் முறிந்த முகத்தோடு கூடிய துண்டுகளோ கிடைத்தால் அது பல் உடைந்ததன் அடையாளம். அந்நிலையில் புதிய ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பது தவறு. ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் நிறத் துகள்கள் கியர்பாக்ஸ் ஆயிலில் மினுங்கினால், சின்க்ரோ வளையங்களின் பித்தளை கரைந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

அடுத்து நிறம். கறுத்துப்போன ஆயில் வெறும் முதுமை. கருகிய நெடி கூடவே இருந்தால் அளவுக்குறைவால் சூடேறியிருக்கிறது. பால் கலந்த பழுப்பு நிறம் தண்ணீர். ஐயம் இருந்தால் கொஞ்சம் ஆயிலை ஒளிபுகும் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஓரிரு நாள் அசையாமல் வைத்தால், நீர் நிறைய இருக்குமிடத்தில் அடியில் தனிப்படலமாகப் பிரிந்து நிற்கும். கோத்தகிரிப் பக்கம் தோட்ட வேலையில் ஓடிய ஒரு ஜிப்ஸியின் முன் ஆக்சிலைத் திறந்தபோது, ஆயிலுக்கு முன்னதாகத் துருநிறத் தண்ணீர்தான் வெளியே ஓடியது. அந்த ஆக்சிலின் பிரீதர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பின் ஆக்சில் ஆயிலோ பழையதே தவிரத் தெளிவாக இருந்தது. நான்கையும் தனித்தனியே பிடித்ததால்தான் காரணம் உடனே விளங்கியது.

கழுவுதலும் ஊற்றுதலும்

கெட்ட ஆயில் வெளியேறியதும் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தேவையற்றது மட்டுமல்ல, தீங்கும்கூட. ஆக்சில் குழாய்களிலும் பேரிங் குழிகளிலும் தேங்கும் மண்ணெண்ணெய் முழுதாக வடியாது. புதிய ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். பாதுகாப்பான வழி, அதே தரமுள்ள விலை குறைந்த கியர் ஆயிலை ஊற்றி, பாரம் ஏற்றாமல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் வடித்துவிடுவதுதான். உள்ளே ஒட்டியிருந்த கசடைப் புதிய ஆயில் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். தண்ணீர் புகுந்த ஆக்சில் என்றால் அவ்வளவு தூரம் காத்திருக்கக் கூடாது: இருபது முப்பது கிலோமீட்டரிலேயே வடித்து, தெளிவான ஆயில் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். நல்ல ஆயிலை அதற்குப் பிறகு ஊற்றினால் போதும். இரண்டு முறைக்கான அளவு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

காந்தத்தைத் துடைத்து, புதிய வாஷர் போட்டு டிரெயின் நட்டை மூடுங்கள். வாஷர் இல்லாத கூம்பு மரை நட்டு என்றால் மரையில் சீலன்ட் தடவினால் போதும். கைப்பம்பு அல்லது நீண்ட குழாய் பொருத்திய பெரிய சிரிஞ்சால் ஃபில்லர் துளை வழியே ஆயிலைச் செலுத்தி, துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். முன்னே சொன்ன லிட்டர் கணக்கு வாங்குவதற்கு மட்டுமே. மட்டத்தைத் தீர்மானிப்பது துளைதான். ஐந்து நிமிடம் பொறுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள், ஏனெனில் ஆக்சில் குழாய்களுக்குள் ஆயில் பரவ நேரம் பிடிக்கும். துளைக்கு மேல் திணிக்கக் கூடாது. அதிக ஆயில் நுரைத்துச் சூடேறும், சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

பிரீதரை மறந்தால் செய்த வேலை அடுத்த மழைக்குள் வீணாகும். ஒவ்வொரு ஆக்சிலின் மேலும் உள்ள சிறு மூடியையோ குழாயையோ கழற்றி, ஊதிப் பார்த்து, அடைப்பை நீக்குங்கள். நீரைக் கடக்கும் வண்டிக்கு, எரிபொருள் குழாய்த் துண்டு ஒன்றை பிரீதரில் மாட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுசெல்வது மலிவான, மிகுந்த பயன் தரும் ஏற்பாடு.

ஜிப்ஸியின் முன் ஆக்சிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங் திரும்பும் நக்கிள் உருண்டையின் மேல் நீர்த்த கிரீஸ் வழிந்திருந்தால், ஆக்சிலின் உள் சீல் தேய்ந்து டிஃப்ரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து அங்குள்ள கிரீஸைக் கரைக்கிறது என்று பொருள். வெளியில் உள்ள நக்கிள் சீலை மட்டும் மாற்றினால் கசிவு திரும்ப வரும். உள் சீலை மாற்ற வேண்டும். இதேபோல், கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியமைந்த வண்டிகளில் ஒன்றில் மட்டம் குறைந்து மற்றதில் கூடியிருந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போய்விட்டது.

ஆல் வீல் டிரைவ் கார்களில்

எஸ்யூவிகளிலும் கார்களிலும் தானாக இயங்கும் ஆல் வீல் டிரைவ் அமைப்புகளுக்கு மேற்சொன்ன ஆயில்கள் அப்படியே பொருந்தாது. பல டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் ஏ.டி.எஃப். எனப்படும் தானியங்கி கியர்பாக்ஸ் திரவமே இருக்கும். அதில் 80டபிள்யூ-90 ஊற்றினால் கெடும். தேவைப்படும்போது மட்டும் மற்ற ஆக்சிலுக்கு விசையை இணைக்கும் ஹால்டெக்ஸ் கப்ளிங் கொண்ட கார்களில் அதற்கென்று தனி ஆயில் உண்டு. ஹோண்டா சிஆர்-வியின் பின் டிஃப்ரன்ஷியல் தனக்கே உரிய திரவத்தைக் கேட்கும். அது பழையதானால் வண்டியை இறுக்கித் திருப்பும்போது பின்னால் முனகல் கேட்கும், திரவத்தை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சுபாருவின் தானியங்கி வண்டிகளில் முன் டிஃப்ரன்ஷியலுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி டிரெயின் நட்டுகள் இருப்பதால், ஒன்றை வடிக்க நினைத்து மற்றதை வடித்துவிடுவோர் பலர். இந்த வகைக் கார் வைத்திருப்பவர் கையேட்டைத் திறக்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

அதற்குப் பின்

மாற்றும் இடைவெளிக்குக் கையேடே அடிப்படை. ஆனால் அதில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனியே தந்திருக்கும் குறுகிய கணக்கைத்தான் மலையிலும் சேற்றிலும் ஓடும் வண்டி பின்பற்ற வேண்டும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மூழ்கும் ஆழத்துக்கு நீரைக் கடந்தால், தேதியைப் பார்க்காமல் அந்த வாரமே ஃபில்லர் நட்டைத் திறந்து நிறத்தைப் பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தையே பயன்படுத்தாத வண்டியின் முன் டிஃப்ரன்ஷியலும் கெடும். முன் சக்கர ஹப் ஆக்சிலிலிருந்து விடுவிக்கப்பட்ட நிலையில் முன் கியர்கள் சுழல்வதில்லை. ஆயிலுக்கு மேலே நிற்கும் பற்களும் பேரிங்குகளும் உலர்ந்து துருவேறும். மாதம் ஒருமுறையாவது மண்சாலையில் 4ஹெச் (நான்கு சக்கர இயக்கத்தின் வேக நிலை) போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஜிப்ஸி, தார் போன்றவற்றில் முன் பின் ஆக்சில்களின் வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் மைய டிஃப்ரன்ஷியல் கிடையாது என்பதால், உலர்ந்த தார்ச்சாலையில் இதைச் செய்யக் கூடாது. திருப்பங்களில் முன் பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கி டிரான்ஸ்ஃபர் கேஸைச் சோதித்துவிடும்.

ஆயில் மாற்றிய பிறகும் ஆக்சிலில் ஊளைச் சத்தம் நீடித்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வருகிறதா, காலை எடுத்ததும் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மிதிப்பதற்கேற்ப மாறும் சத்தம் கிரவுன் பினியனையும் பினியன் பேரிங்கையும் சுட்டும். மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடும் முரட்டு இரைச்சல் பெரும்பாலும் சக்கர பேரிங். இதை அடக்க 140 எண் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் அதில் குறையும், தேய்மானம் குறையாது. வாங்குபவரை ஏமாற்ற நினைப்பவருக்கு மட்டுமே அது உதவும்.

வடித்த ஆயிலை அதே டப்பாக்களில் அடைத்து, பழைய ஆயிலை முறையாகப் பெறும் ஒர்க்‌ஷாப்பிலோ, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அது வரும். மலையோடையின் ஓரத்திலோ, கரையான் வராது என்று வேலிக்கம்பங்களின் அடியிலோ அதை ஊற்றாதீர்கள். அந்த ஓடையும் மண்ணில் இறங்கும் நீரும் கீழே இருக்கும் ஊருக்குக் குடிநீர்.